கொழகொழப்பைக் கொட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஓட்ஸ் உடம்புக்கு என்ன செய்கிறது, தோலுக்கு என்ன செய்கிறது, இரண்டையும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். உணவு ஆலோசனைக்கு வருபவர்களில் பாதிப் பேர் என்னிடம் சொல்லும் புகார் ஒன்றுதான்: "கொழகொழன்னு இருக்கு மேடம்." அந்தக் கொழகொழப்புக்கு வக்காலத்து வாங்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மனைவியோடு வந்தார். "தினமும் ஓட்ஸ்தான் மேடம், நாக்கே செத்துப்போச்சு. கொலஸ்ட்ரால் மட்டும் இறங்க மாட்டேங்குது" என்றார். எப்படிச் சமைக்கிறீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "ஊறப்போட்டு, ரெண்டு தண்ணி நல்லா அலசி, வடிதட்டுல கொட்டி வடிச்சிருவேன். அப்பத்தான் உப்புமா உதிரியா வரும். இல்லேன்னா இவர் தொட மாட்டாரு." எவ்வளவு போடுவீர்கள்? "மூணு ஸ்பூன்." சரி, வடித்த தண்ணீரை என்ன செய்வீர்கள்? "வீணாக்க மாட்டேன் மேடம், ரோஜாச் செடிக்கு ஊத்திருவேன்."

ரோஜாச் செடிக்கு ஏதுங்க கொலஸ்ட்ரால்!

அலசினால் எல்லாமே போய்விடும் என்று சொல்லவில்லை; ஒரு பங்கு போகும். வெண்டைக்காயை நறுக்கும்போது விரலில் இழுக்குமே, ஓட்ஸில் அப்படி இழுக்கிற பசைக்குப் பெயர் பீட்டா குளுக்கன். தண்ணீரில் கரையும் நார்ச்சத்து. குடலுக்குள் போய்க் கூழாகி, அங்கே வரும் பித்த அமிலத்தைப் பிடித்துவைத்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். பித்தம் குறைந்தால் கல்லீரல் சும்மா இருக்காது. புதிதாகச் சுரக்க வேண்டும். அதற்குக் கச்சாப்பொருள் கொலஸ்ட்ரால். ரத்தத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் இதை ஏற்றுக்கொண்டது. அவர்கள் சொன்ன அளவு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன். அதற்கு ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். மூன்று ஸ்பூனில் கிடைக்காது. காலையில் பாதி, ராத்திரி பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதனால் கெட்ட கொலஸ்ட்ரால் சுமாராக 5 முதல் 7 சதவீதம் இறங்கலாம். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

ஓட்ஸ்தான் ஒசத்தி, நம் தானியம் மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். கால்சியத்தில் கேழ்வரகுக்குக் கிட்டே ஓட்ஸ் வர முடியாது. நம் பாட்டிகள் காய்ச்சிக் கொடுத்த பார்லிக் கஞ்சியிலும் இதே பீட்டா குளுக்கன்தான். மசாலா ஓட்ஸ் பொட்டலம் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தில் உப்பு எவ்வளவு என்று ஒருமுறை படித்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்ஸ்டன்ட் ரகத்தைவிட உடைத்த ஓட்ஸ் நல்லது. மெதுவாகத்தான் சர்க்கரை ஏறும்.

தோலுக்கு வருகிறேன். இங்கேயும் அதே கொழகொழப்புதான். மார்கழிக் குளிரில் பெரியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில் விட்டு அரிக்குமே, அதற்கு நல்ல இதம். மாவாக அரைத்த ஓட்ஸ் தோலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரம் போகாமல் பிடித்துவைக்கும். அரிப்பைத் தணிக்கிற அவெனந்த்ரமைடு என்கிற பொருளும் அதில் இருக்கிறது. மற்ற தானியங்களில் அது கிடையாது. தோலைக் காக்கும் பொருள் என்று 2003இல் ஓட்ஸ் மாவுக்கும் அதே அமெரிக்க நிர்வாகம் ஒப்புதல் தந்தது.

வெறும் ஓட்ஸை, மசாலா இல்லாததை, மிக்சியில் நைசாக அரையுங்கள். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கினால் பால் மாதிரி வெளுக்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். குளித்து முடித்ததும் இதைக் கலந்த தண்ணீரைக் கடைசியாக மேலுக்கு ஊற்றி, துண்டால் ஒற்றி எடுங்கள். அப்புறம் சோப்பு போடக் கூடாது. குளியலறைத் தரை வழுக்கும், வயதானவர்கள் ஜாக்கிரதை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். குழந்தைகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். ஒன்று மட்டும்: கரப்பான் வந்து வெடித்த தோலில் டாக்டரைக் கேட்காமல் வீட்டு மாவைத் தடவாதீர்கள், அதுவே ஒவ்வாமையில் கொண்டுவிடலாம். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட ஓட்ஸாகப் பார்த்து, அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வணக்கம்.