நிலநடுக்கக் காப்பீடு: எடுப்பவர் ஏன் எடுக்கிறார், விடுபவர் ஏன் விடுகிறார்?

அடுத்த கேள்வி. “பூமி அதிரும் என்று தெரிந்த இடத்தில் குடியிருப்பவர்தானே முதலில் காப்பீடு எடுக்க வேண்டும்? கலிபோர்னியாவில் பத்து வீட்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்கிறார்கள். பிரீமியம் அதிகம் என்பதாலா?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பிரீமியமும் ஒரு காரணம்தான். ஆனால் அதை நான் முதலில் வைக்கமாட்டேன்.

ரீசா பாம் என்ற புவியியலாளர் அங்குள்ள வீட்டுக்காரர்களிடம் பலமுறை ஆய்வு நடத்தியவர். வீடு நிலப்பிளவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கும் காப்பீடு எடுப்பதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. ‘என் வீட்டுக்குச் சேதம் வரும்’ என்று மனதில் பட்டவர்தான் எடுத்திருந்தார். வரைபடத்தில் சிவப்பாக இருந்தால் போதாது, வயிற்றில் புளி கரைய வேண்டும்.

அந்தப் பயமும் நிற்பதில்லை. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. அந்தக் காலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்காரரிடம் இந்தக் காப்பீடு இருந்தது. பிறகு படிப்படியாகச் சரிந்தது. நாலைந்து வருடம் தவணை கட்டியவர், ‘ஒன்றுமே நடக்கவில்லையே, பணம் வீண்’ என்று நிறுத்திவிடுகிறார். ஒன்றும் நடக்காததை நஷ்டமாகப் பார்க்கும் விசித்திரம் காப்பீட்டில்தான் உண்டு!

ஆனாலும் மக்கள் மறந்துவிட்டார்கள் என்று பழியை அவர்கள் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. நார்த்ரிட்ஜில் அடிவாங்கிய நிறுவனங்கள் பின்வாங்கின. 1996இல் அந்த இடத்தை நிரப்ப, நிலநடுக்கக் காப்பீடு வழங்கும் கலிபோர்னியா நிலநடுக்க ஆணையம் வந்தது. பாலிசியின் தன்மையே மாறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டைத் திரும்பக் கட்ட 5,00,000 டாலர் ஆகும் என்று வையுங்கள். முதல் 15 சதவீதச் சேதம் உங்கள் பொறுப்பு என்றால் அது 75,000 டாலர். புகைபோக்கி சாய்ந்து, சுவர் வெடித்து, அஸ்திவாரம் நகர்ந்து 60,000 டாலர் செலவு வந்தால் கையில் கிடைப்பது பூஜ்யம். இந்தச் சதவீதத்தைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு, பிரீமியம் ஏறிவிடும். ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்பவரை அறியாதவர் என்று நான் சொல்லமாட்டேன். வங்கியும் வற்புறுத்துவதில்லை. வெள்ள அபாயப் பகுதியில் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். நிலநடுக்கத்துக்கு அப்படி இல்லை. அரசு கொடுக்கும் என்ற நம்பிக்கை வேறு. அந்த உதவித்தொகையில் ஒரு வீட்டைத் திரும்பக் கட்டிவிட முடியாது.

என்னைக் கேட்டால், கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதுதான் பெரிய விஷயம். கலிபோர்னியாவில் வீட்டுக் காப்பீடு விற்கும் நிறுவனம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ‘நிலநடுக்கக் காப்பீடு வேண்டுமா?’ என்று கடிதம் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம். கடிதம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஜப்பானில் தலைகீழ். தீ காப்பீடு எடுத்தால் நிலநடுக்கக் காப்பீடும் கூடவே வரும். வேண்டாம் என்றால் அதற்கென்று உள்ள கட்டத்தில் முத்திரையோ கையெழுத்தோ போட வேண்டும். அங்கே தீ காப்பீடு புதிதாக எடுப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இதையும் சேர்த்தே எடுக்கிறார்கள். எல்லாக் குடும்பங்களையும் கணக்கில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். 1966இலிருந்து அரசு பின்னால் நிற்கிறது, வரிச்சலுகை உண்டு, நிலநடுக்கத்தால் பற்றும் தீக்குச் சாதாரணத் தீ காப்பீடு பணம் தராது. இவையும் காரணங்கள்தான். ஆனாலும் மனிதச் சோம்பல் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஓர் ஊரில் மௌனம் ‘வேண்டாம்’, இன்னோர் ஊரில் மௌனம் ‘சரி’.

துருக்கி 1999 பேரழிவுக்குப் பிறகு மௌனத்துக்கே இடம் வைக்கவில்லை. வீட்டுப் பத்திரப் பதிவுக்கும், மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு வாங்குவதற்கும் நிலநடுக்கக் காப்பீட்டுப் பாலிசியைக் காட்ட வேண்டும். எண்ணிக்கை ஏறியது. ஆனால் பாலிசி ஓராண்டுக்குத்தான். விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு, அடுத்த வருடம் வாசலில் வந்து கேட்க யார் இருக்கிறார்கள்?