வீட்டில் குழந்தைகள் காப்பகம்: உரிமம் வாங்குவதா, வேண்டாமா?

[காட்சி: பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம் கடந்து கேமரா கொல்லைக் கதவுவரை போகிறது.]

வணக்கம். காலை ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு தாய், கையில் சாப்பாட்டுக் கூடையும் இடுப்பில் குழந்தையுமாக உங்கள் வாசலில் நிற்கிறாள். "அக்கா, மாமியாருக்கு முடியவில்லை. இன்று ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். எப்படி மறுப்பது?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான் தொடங்கியது. ஒரு நாள் என்றது ஒரு மாதமானது. ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண் சொல்லி, செவிலியராக இருக்கும் இன்னொரு பெண் வந்தாள். ஆறு மாதத்தில் ஏழு குழந்தைகள். ஒரு குழந்தைக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய். அப்போதுதான் எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார்: "இதற்கெல்லாம் லைசென்ஸ் வாங்க வேண்டாமா அம்மா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் அலைந்ததைத்தான் இந்த வீடியோவில் சொல்லப்போகிறேன்.

[காட்சி: சட்டம் போட்டு மாட்டிய ஒரு சான்றிதழ்.]

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உத்யம் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, "எனக்கு உரிமம் இருக்கிறது" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகப் பெறும் பதிவு அது. நீங்கள் குறுந்தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு அது அடையாளம். வங்கிக் கடன் கேட்கும்போது உதவும். குழந்தைகளை வைத்துக்கொள்ளத் தரப்படும் அனுமதி அல்ல அது.

அடுத்து, நீங்கள் நடத்துவது எது என்று பாருங்கள். பாட்டி வீட்டில் இருப்பதுபோல் நாலு குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து போகிறார்களா, அல்லது பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்து, கட்டணம் வாங்கி, வாசலில் 'பிளே ஸ்கூல்' என்று போர்டு மாட்டியிருக்கிறீர்களா? போர்டு மாட்டினால் நீங்கள் பள்ளி நடத்துகிறீர்கள். விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று 2015 இல் தமிழக அரசு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. அங்கீகாரம் கேட்டுக் கல்வித் துறையிடம்தான் போக வேண்டும். தனியார் பள்ளிகளுக்கென்று மாவட்டக் கல்வி அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அலுவலகத்தில் தொடங்குங்கள்.

அங்கே கேட்கப்படுபவற்றில் நான்கு சான்றுகள் முக்கியம். பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. பழைய ஓட்டு வீட்டை வைத்துக்கொண்டு இந்த நான்கையும் வாங்குவது எளிதல்ல. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இரவிலும் குழந்தையைத் தங்கவைக்கச் சொல்லி இரவுப் பணிக்குப் போகும் தாய் கேட்டால் நன்றாக யோசியுங்கள். தங்கவைத்தால் விஷயமே வேறாகிவிடும். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த 2014 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ் உரிமம் இல்லாமல் இல்லம் நடத்துவது குற்றம். பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து.

[காட்சி: கிணறு. பக்கத்தில் துவைக்கிற கல்.]

இனி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மத்தியான வேளை. ஏழு பேரில் ஐந்து பேர் முற்றத்து ஓரத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். இருபது மாதப் பெண் குழந்தை ஒருத்தி மட்டும் ரேழிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். அவள் கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகியிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லில் ஏறி, கிணற்றுச் சுவரில் ஒரு முழங்காலை வைத்து, ராட்டினக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் போய்த் தூக்கினேன். அவள் சிரித்தாள். எனக்குச் சாயங்காலம்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்று மாலை அவள் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மறுநாள் பட்டறைக்காரரை வரவழைத்துக் கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டேன். துவைக்கிற கல்லைப் பெயர்த்து வேலியோரம் போட்டேன். கொல்லைக் கதவுக்கு என் தலை உயரத்தில் இரண்டாவது தாழ்ப்பாள் வைத்தேன்.

டெல்டாவில் காப்பகம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால், மே மாதம்வரை குழந்தைகள் இறங்கி ஓடிய வாய்க்காலில் சில நாட்களில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். கோடையில் வந்து பார்வையிடும் அதிகாரி காய்ந்த வாய்க்காலைத்தான் பார்ப்பார். ஆடியில் அது எப்படி ஓடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் பாதி நிறைந்த வாளிகூடத் தவழும் குழந்தைக்கு ஆபத்துதான்.

[காட்சி: கீற்றுக் கொட்டகை. அடுப்புப் புகை.]

தண்ணீருக்கு அடுத்தது நெருப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கட்டடம் ஒன்றில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அரசு உதவி பெறும் பள்ளியே நடந்துவந்த கட்டடம் அது. காகிதம் இருந்தும் கூரை கீற்றாகத்தான் இருந்தது. இந்த ஊரில் குழந்தைகளை வைத்துக்கொள்ளும் யாரும் இதை மறக்கக் கூடாது. எங்கள் கொல்லையில் விறகடுப்புக்காக ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதை முழுவதும் பிரித்துவிட்டேன்.

[காட்சி: நோட்டுப் புத்தகத்தில் எழுதிய கணக்கு.]

பணக் கணக்குக்கு வருவோம். ஏழு குழந்தைகளுக்குப் பதினான்காயிரம். அந்த மத்தியானத்துக்குப் பிறகு ஒன்று புரிந்தது: ஏழு பேருக்கு ஒருத்தி போதாது. உதவிக்கு ஒரு பெண்ணை வைத்தால் ஆறாயிரம் போகும். பால், எரிவாயு, மின்சாரம் போக என் கையில் நிற்பது ஐந்தாயிரம்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017 இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதையொட்டி மத்திய அரசு 2018 இல் காப்பகங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று வயதுக்குக் கீழ் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், கூட ஒரு உதவியாளர் என்கிறது அது. நிறுவனங்களுக்காக எழுதியதுதான் என்றாலும் நமக்கும் நல்ல அளவுகோல். என் அனுபவத்தில் அதுவே அதிகம். தனியாக இருந்தால் இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

ஆக, உங்கள் முன்னால் இரண்டு வழி. நான்கைந்து பேரோடு நிறுத்திக்கொண்டு, போர்டு மாட்டாமல், அக்கம்பக்கத்துக்கு உதவியாக இருப்பது ஒன்று. பதினைந்து பேர்வரை வளர்ந்து, ஆள் வைத்து, நான்கு சான்றுகளும் வாங்கி முறையாக நடத்துவது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டுப் பேரோடு, உதவிக்கு ஆளும் இல்லாமல், அங்கீகாரமும் இல்லாமல் நிற்பதுதான் ஆபத்தான இடம். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். பெரிய குழந்தைகள் மூன்று பேரை அங்கன்வாடியில் சேர்க்கச் சொல்லி, நான்கு பேராகக் குறைத்துக்கொண்டேன். ஆசிரியர் பயிற்சி முடித்த நாத்தனாரோ தங்கையோ கூட நிற்க, காங்கிரீட் வீடும் இருந்தால் நீங்கள் இரண்டாவது வழியில் தயங்காமல் போகலாம்.

எந்த வழியானாலும் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்: எத்தனை குழந்தைகள், என்ன வயது, எத்தனை மணிவரை, கற்பிக்கிறேனா இல்லையா, எனக்கு எந்த அனுமதி தேவை. வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

காலையில் குழந்தையை விட வரும் தாயை வாசலோடு அனுப்பாதீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பாள். முதல் நாள் மட்டுமாவது கொல்லைவரை கூட்டிப்போய், அந்தக் கிணற்று மூடியை அவள் கையாலேயே அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.