டி. ரெக்ஸ்: கம்பளத்திலிருந்து வெம்ப்ளி வரை

(நூலக இசை ரசிகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

ராக் இசைக்குழு ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பீட்டில்ஸை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவர்களைப் பற்றிப் பேச ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எடுத்துக்கொண்டது டி. ரெக்ஸ். லண்டன் குழு. 1967இல் தொடங்கிய சில நாளிலேயே மொத்தமே இரண்டு பேர்தான். ஒருவர் கையில் அக்கூஸ்டிக் கிதார், இன்னொருவர் முன்னால் பாங்கோ என்ற இரட்டைச் சிறு கைமேளம். மேடையில் கம்பளத்தை விரித்து, ஊதுவத்தி ஏற்றி, சப்பணம் போட்டு உட்கார்ந்து பாடுவார்கள். ஐந்து வருடம் கழித்து, 1972 மார்ச் 18 அன்று, அதே கிதார்க்காரர் வெம்ப்ளி எம்பயர் பூல் அரங்கில் ஒரே நாளில் இரண்டு காட்சிகள் பாடினார். பெண் பிள்ளைகளின் அலறலில் பாட்டே சரியாகக் கேட்கவில்லை. ரிங்கோ ஸ்டார் கேமராக்களோடு வந்து அதைப் படமெடுத்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். சுத்தமாகப் பாடிக்கொண்டிருந்த பையன் எலெக்ட்ரிக் கிதாரை எடுத்தான், காசுக்கு விலைபோனான், அவ்வளவுதான். அன்றைய லண்டன் ஹிப்பிகள் அப்படித்தான் சொன்னார்கள், இன்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் கிடையாது. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தப் பையன்தான் மார்க் போலன். இயற்பெயர் மார்க் ஃபெல்ட். 1947 செப்டம்பர் 30 அன்று கிழக்கு லண்டன் ஹாக்னியில் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டுநர். அம்மா சோஹோவில் பெர்விக் தெருச் சந்தையில் பழக்கடையில் நின்றவர். பையனுக்கு அப்போது டேவி கிராக்கெட் என்ற அமெரிக்க வீரரைப் பற்றிய பாட்டின் மேல் பைத்தியம். அதைப் பாடிய பில் ஹேஸ் என்பவரின் ரெக்கார்டைக் கேட்டு நச்சரித்தான். அப்பா கடைக்குப் போய், பெயர் குழம்பி, பில் ஹேலியின் ரெக்கார்டை வாங்கி வந்துவிட்டார். ராக் அண்ட் ரோலை உலகம் முழுக்கக் கொண்டுபோன அதே பில் ஹேலி. பையன் முதலில் முகம் சுளித்தான். போட்டுக் கேட்ட பிறகு டேவி கிராக்கெட்டை மறந்தே போனான். அம்மா தவணையில் ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார்.

அதாவது இந்த மனிதரின் காதில் முதலில் விழுந்தது ராக் அண்ட் ரோல். பில் ஹேலி, எடி காக்ரன், சக் பெர்ரி. கம்பளமும் ஊதுவத்தியும் பின்னால் வந்தவை. விலைபோனார் என்று சொல்கிறவர்கள் கதையைப் பாதியிலிருந்து படிக்கிறார்கள்.

பதின்ம வயதில் அவர் சோஹோவைச் சுற்றித் திரிந்த 'மாட்' (mod) இளைஞர், அதாவது நவநாகரிக உடைக்குப் பெயர்போன அன்றைய கூட்டத்தில் ஒருவர். உடையில் அத்தனை கவனம். பதினைந்து வயது நிரம்பும் முன்பே ஒரு பத்திரிகை அவரைப் படம் பிடித்துப் போட்டது. 1965இல் டெக்கா நிறுவனத்தில் மார்க் போலன் என்ற பெயரில் முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டு. ஓடவில்லை. அடுத்தடுத்து வந்தவையும் ஓடவில்லை. 1967இல் மேலாளர் சைமன் நேப்பியர் பெல் அவரை 'ஜான்ஸ் சில்ட்ரன்' என்ற குழுவில் சேர்த்துவிட்டார். அந்தக் குழு 'தி ஹூ'வோடு ஜெர்மனி போனது. தி ஹூ மேடையில் கிதாரை உடைக்கிற குழு. அவர்களையே மிஞ்சும் அளவுக்கு இவர்கள் செய்த கலாட்டாவில் சுற்றுப்பயணத்திலிருந்தே அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் லக்சம்பர்கில் ரவி சங்கரின் கச்சேரி ஒன்றைப் பார்த்ததாக நேப்பியர் பெல் பின்னாளில் சொன்னார். கம்பளம், ஊதுவத்தி, சப்பணம், மௌனமாகக் கேட்கும் கூட்டம். காது கிழியும் சத்தத்திலிருந்து வந்த இளைஞனுக்கு அது எப்படி இருந்திருக்கும்! உட்கார்ந்து பாடுவது நமக்கு விசேஷமே இல்லை; ஒரு ராக் பாடகருக்கு அது பெரிய கண்டுபிடிப்பு.

ஆனாலும் ஊர் திரும்பியதும் உடனே சப்பணம் போட்டுவிடவில்லை. மெலடி மேக்கர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் பிடித்து, முழு எலெக்ட்ரிக் குழுவாக 'டைரனோசாரஸ் ரெக்ஸ்' என்று பெயர் வைத்து, ஒத்திகை என்ற பேச்சே இல்லாமல் கோவென்ட் கார்டனில் ஒரு கிளப்பில் மேடையேறினார். படுதோல்வி. கூட்டம் கூச்சல் போட்டது. அதற்குப் பிறகு மிஞ்சியவர் ஒருவர்தான்: ஸ்டீவ் பெரெக்ரின் டுக். தென்லண்டன் பையன், நாவலாசிரியர் டோல்கீனின் பாத்திரம் ஒன்றிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டவர். ஆம்ப்ளிஃபையர்களை ரெக்கார்டு கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது, அதனால்தான் அக்கூஸ்டிக்குக்குப் போனார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எது எப்படியோ, கொள்கை முடிவாக எடுத்த துறவு இல்லை அது. பணமில்லை, குழு இல்லை, ஒரு தோல்வி, ரவி சங்கர் காட்டிய ஒரு வழி. எல்லாம் சேர்ந்து அவரை அந்தக் கம்பளத்தில் உட்கார வைத்தன.

அதற்காக அந்தக் காலத்து இசை சாதாரணம் என்று சொல்லவில்லை. டுக் பாங்கோ மட்டும் தட்டியவர் அல்ல. பிக்ஸிஃபோன் என்ற விளையாட்டுச் சாமான் போன்ற சின்னக் கருவியையும் வாசிப்பார், போலனின் நடுங்கும் குரலோடு தன் குரலை விசித்திரமாகப் பின்னுவார். பாட்டெல்லாம் மந்திரவாதி, யூனிகார்ன் என்று வேறொரு உலகத்தில் நடக்கும். இந்த இருவரையும் யூ.எஃப்.ஓ. கிளப்பில் பார்த்தவர் டோனி விஸ்கோன்டி என்ற இளம் தயாரிப்பாளர். நியூயார்க் புரூக்ளின்காரர், லண்டனுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவர்தான் முதல் ஆல்பத்தை மிகக் குறைந்த செலவில் பதிவு செய்தார். 1968இல் வந்த அந்த ஆல்பத்தின் தலைப்பு ஆங்கிலத்தில் இருபது சொற்கள். இன்று எந்தக் கம்பெனியும் அதை அட்டையில் அச்சடிக்காது. இருந்தும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம் வந்தது.

அதற்குப் பெரிய காரணம் ஜான் பீல். வானொலி அறிவிப்பாளர். முதலில் ரேடியோ லண்டன் என்ற, கடலில் கப்பலிலிருந்து உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிய 'பைரேட்' வானொலி, பிறகு பி.பி.சி.யின் ரேடியோ 1. மற்றவர்கள் தொடாத பாட்டுகளைத் தேடிப் போடுவார். தான் ரெக்கார்டு போடப் போகும் கல்லூரி நிகழ்ச்சிகளுக்கு இவர்களையும் கூட்டிக்கொண்டு போவார். போலன் எழுதிய குழந்தைக் கதைகளை இரண்டு ஆல்பங்களில் அவரே வாசித்தும் கொடுத்தார். பீல் இல்லாவிட்டால் அந்தக் கம்பளம் எப்போதோ சுருட்டப்பட்டிருக்கும். இந்த நட்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1969இல் உரசல். டுக் தன் பாட்டுகளையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்றார். போலன் முடியாது என்றுவிட்டார். இதில் என் அனுதாபம் டுக் பக்கம்தான். போலனுக்குத் தன் பெயர் ஒன்றே கண்ணில் பட்டது, அது கடைசிவரை மாறவில்லை. அந்த வருடம் அமெரிக்கப் பயணம் முடிந்ததோடு டுக் வெளியேறினார். அந்த இடத்துக்கு மிக்கி ஃபின் வந்தார். டுக் அளவுக்கு வாசிப்பவர் அல்ல, பார்க்க லட்சணமானவர், சண்டை போடாதவர். போலனுக்கு அது வசதி. இதற்குள் எலெக்ட்ரிக் கிதார் திரும்ப வந்துவிட்டது. 1970 மார்ச்சில் வந்த நான்காவது ஆல்பத்தில் அது தாராளமாகவே கேட்கும். கூட்டம் ஓடிப்போகவும் இல்லை, அள்ளிக்கொண்டு வரவும் இல்லை.

அப்புறம் வந்தது 'ரைட் எ ஒயிட் ஸ்வான்'. 1970 அக்டோபர். இந்தப் பாட்டைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். மொத்தம் இரண்டே கால் நிமிடம்கூட இல்லை. டிரம்ஸ் கிடையாது. கைத்தட்டல், டாம்பரின், போலனே வாசித்த எலெக்ட்ரிக் கிதார், அடியில் பாஸ், மேலே விஸ்கோன்டி மெல்லிசாகப் பூசிய வயலின். வரிகளில் அதே மந்திரவாதி, அதே பழங்கால மாயம். அக்கூஸ்டிக் காலத்துப் பாட்டை எடுத்து 1950களின் ராக் அண்ட் ரோல் தாளத்தில் உட்கார வைத்திருக்கிறார், மாற்றம் அவ்வளவுதான். அந்த ரெக்கார்டின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? எடி காக்ரனின் 'சம்மர்டைம் புளூஸ்'. சிறுவயதுக் கடனை அடைக்கிற மாதிரி.

பெயரையும் அப்போதுதான் சுருக்கினார்கள். விஸ்கோன்டி எழுதச் சோம்பல்பட்டு ஸ்டூடியோக் குறிப்புகளில் 'டி. ரெக்ஸ்' என்று எழுதுவாராம். போலனுக்கு முதலில் அது பிடிக்கவில்லையாம். கடைசியில் அதுவே நிலைத்தது. வானொலிக்காரர்களும் மூச்சு விட்டிருப்பார்கள். பாட்டு வாரம் வாரமாக ஏறி 1971 ஜனவரியில் 2ஆம் இடத்துக்கு வந்தது. முதலிடத்தை விடாமல் பிடித்திருந்தது கிளைவ் டன் என்ற நகைச்சுவை நடிகர் தாத்தாவைப் பற்றிப் பாடிய 'கிராண்ட்டேட்'. புரட்சிகரமான ராக் எல்லாம் தாத்தாவின் முன்னால் நின்றுவிட்டது!

பிறகு ஸ்டீவ் கரீ பாஸ் கிதாருக்கும் பில் லெஜண்ட் டிரம்ஸுக்கும் வந்தார்கள். முழுக் குழு. 'ஹாட் லவ்' 1971 மார்ச்சில் முதலிடம் பிடித்து ஆறு வாரம் இருந்தது. அந்தப் பாட்டுக்காக டாப் ஆஃப் தி பாப்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும்போது, செலீட்டா செகுண்டா என்ற தோழி போலனின் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, கொஞ்சம் மினுக்குத் தூளைப் பூசிவிட்டார். அவ்வளவுதான். அடுத்த கச்சேரிகளில் வந்த பிள்ளைகள் கன்னத்தில் எல்லாம் மினுக்கு. மினுக்கும் பகட்டுமாக மேடையேறும் கிளாம் ராக் என்று பின்னால் வரலாற்றில் எழுதப்பட்டதற்கு, பலரும் கைகாட்டுவது அந்தக் கன்னத்தைத்தான்.

'கெட் இட் ஆன்' பதிவில் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பியானோ கட்டைகளின் மேல் விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழித்துக்கொண்டு போகிற அந்தச் சறுக்கல் ஓசை அதில் வரும். அதை வாசித்தவர் ரிக் வேக்மன், பின்னாளில் 'யெஸ்' குழுவில் பெரும்பெயர் எடுத்தவர். அப்போது வீட்டு வாடகைக்கே திண்டாட்டம். ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்க, போலன் வரச் சொல்லியிருக்கிறார். இந்தச் சறுக்கலை யார் வேண்டுமானாலும் செய்யலாமே, நான் எதற்கு என்று வேக்மன் கேட்டாராம். வாடகை வேண்டும் என்றாயே என்று பதில் வந்ததாம். கூலி 9 பவுண்டு. சக் பெர்ரியின் 'லிட்டில் குவீனி'யை வைத்துச் செய்த பாட்டு அது. போலன் அதை ஒளிக்கவும் இல்லை, முடிவில் அந்தப் பழைய பாட்டின் வரி ஒன்றை முணுமுணுத்துவிட்டே போகிறார். பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் 'பேங் எ காங்' என்ற பெயரோடு 10ஆம் இடம். அமெரிக்கா அவருக்குத் தந்தது அந்த ஒன்றுதான். 1971இன் 'எலெக்ட்ரிக் வாரியர்' ஆல்பமும் பிரிட்டனில் முதலிடம். 1972இல் 'டெலகிராம் சாம்', 'மெட்டல் குரு' என்று இன்னும் இரண்டு முதலிடம்.

ஜான் பீல் என்ன செய்தார்? 'கெட் இட் ஆன்' தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நட்பு அதோடு முறிந்தது. பீல் நேர்மையாகச் சொன்னார், அதை மதிக்கிறேன். போலன் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியது சின்னத்தனம். ஆனால் 1971 ஆகஸ்டில் வீலி இசைத் திருவிழாவில் போலனைப் பார்த்துக் கூச்சல் போட்ட கூட்டத்தின் மேல் எனக்கு அந்த மரியாதை வரவில்லை. அவர்களுக்குப் பாட்டைவிடப் பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள்தான் பிரச்சினை. நேற்றுவரை தாடி வைத்த மாணவர்கள் தலையாட்டிக் கேட்ட பாட்டை, இன்று பள்ளிக்கூடத்துப் பெண்கள் அலறிக்கொண்டு கேட்கிறார்கள். அது பொறுக்கவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பிடித்தது நல்ல இசையாக இருக்க முடியாது என்ற எண்ணம் நம் ஊரிலும் உண்டு, அதைப் பேசத் தொடங்கினால் இந்தக் கூட்டம் முடியாது.

இப்போது நான் வைத்திருக்கும் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். இருவர் மட்டும் இருந்த காலத்தில், 1968இல், 'டெபோரா' என்று ஒரு சிங்கிள் வந்தது. அக்கூஸ்டிக் கிதார், பாங்கோ, வேறொன்றும் இல்லை. அது எட்டியது 34ஆம் இடம். 1972இல் போலனின் பழைய கம்பெனி, அவர் வேறிடம் போய்விட்ட பிறகு, அதே பதிவைத் தூசி தட்டி மறுபடி வெளியிட்டது. ஒரு சுரம்கூட மாற்றவில்லை. 7ஆம் இடம்! அதே வருடம் முதல் இரண்டு அக்கூஸ்டிக் ஆல்பங்களையும் ஒன்றாகக் கட்டி விற்றார்கள். ஆல்பம் பட்டியலில் முதலிடம். இருபது சொல் தலைப்பு கொண்ட அந்த ஆல்பம், அந்தப் பாங்கோ, அந்தப் பிக்ஸிஃபோன். எந்தப் பிள்ளைகளுக்கு இசை புரியாது என்று பழைய ரசிகர்கள் சொன்னார்களோ, அந்தப் பிள்ளைகள் கைக்காசைக் கொடுத்து அதை வாங்கினார்கள். கம்பெனிக்கு நோக்கம் காசுதான், சந்தேகமில்லை. வாங்கியவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கேட்டார்களே, அதற்கு என்ன சொல்வது?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973க்குப் பிறகு இறக்கம். ஒரே வார்ப்பில் பாட்டுகள் வந்தன. லெஜண்ட் விலகினார், 1974இல் விஸ்கோன்டியும் பிரிந்தார். எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளலாம் என்று போலன் நினைத்ததன் விலை அது. டுக்கைத் தள்ளிய அதே குணம்தான். ஆனால் 1977இல் பங்க் என்ற முரட்டு ராக் வகையோடு இளைஞர்கள் கிளம்பியபோது, மற்ற பழைய நட்சத்திரங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்க, போலன் 'தி டேம்ன்ட்' என்ற பங்க் குழுவைத் தன் சுற்றுப்பயணத்துக்கே அழைத்துப்போனார். அவர்களிடம் அவர் காதில் விழுந்தது மூன்றே கிதார் சுரக்கட்டுகளில் (chord) அமைந்த எளிய ராக் அண்ட் ரோல், அப்பா தவறுதலாக வாங்கி வந்த ரெக்கார்டின் சாதி. அந்த வருடம் செப்டம்பர் 16 அன்று தென்மேற்கு லண்டன் பார்ன்ஸில் நடந்த கார் விபத்தில் இறந்துபோனார். முப்பது வயதுக்கு இரண்டு வாரம் குறைவு. காரை ஓட்டியவர் துணைவி குளோரியா ஜோன்ஸ், அவர் பிழைத்தார். போலன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை.

சரி, என் பேச்சு போதும். 1968இன் 'டெபோரா'வை முதலில் போடுகிறோம், அது முடிந்ததும் நடுவில் பேசாமல் 'கெட் இட் ஆன்'. இரண்டிலும் கிதார் தாளத்தை எங்கே அழுத்துகிறது என்று மட்டும் கவனியுங்கள். அதன் பிறகும் விலைபோனார் என்று நினைப்பவர்கள் கேள்வி நேரத்தில் எழுந்து சண்டைக்கு வரலாம், ஒலிவாங்கி அந்த ஓரத்தில் இருக்கிறது.