கார்போவைக் காப்பாற்றியது குரலா, வேடமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் பேசிவிட்டு உட்கார்ந்தார். பேசும் படம் வந்ததும் குரல் உள்ளவர் பிழைத்தார், இல்லாதவர் விழுந்தார், ஹாலிவுட் மௌனப்பட நட்சத்திரங்களில் நடிகை கிரேட்டா கார்போவுக்கு நல்ல குரல், நடிகர் ஜான் கில்பர்ட்டுக்குக் கீச்சுக்குரல், அவ்வளவுதானாம் கணக்கு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காப்பாற்றியது வேடம்.

1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' என்ற பேசும் படம் வந்து ஊரே பேச்சுப் படத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோதும், எம்ஜிஎம் பட நிறுவனம் கார்போவை இரண்டு வருஷம் மௌனப் படங்களிலேயே வைத்திருந்தது. அவர் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், ஆங்கிலத்தில் ஸ்வீடன் வாடை அடிக்கும், ஜனங்கள் ஏற்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். சரி, அப்புறம் என்ன செய்தார்கள்? உச்சரிப்பை ஒளிக்கவில்லை. யூஜின் ஓ'நீலின் 'அன்னா கிறிஸ்டி' நாடகத்தை எடுத்தார்கள். அதன் நாயகியே ஸ்வீடன் நாட்டுப் படகோட்டியின் மகள்!

கிளாரன்ஸ் பிரவுன் இயக்கி 1930ல் வந்த அந்தப் படத்தைப் பாருங்கள். முதல் கால் மணி நேரம் கார்போ வருவதே இல்லை. அப்புறம் துறைமுகத்து மதுக்கடைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வருகிறாள். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவள், உடம்பெல்லாம் அசதி. நாற்காலியில் சாய்ந்து, தாழ்ந்த கரகரப்பான குரலில், ஒரு விஸ்கி, கூடவே ஜிஞ்சர் ஏல், கஞ்சத்தனம் பண்ணாதே என்கிறாள். அந்தக் களைப்புக்கு அந்தக் குரல்தான் பொருந்தும், வேறெந்தக் குரலும் ஒட்டாது. 'கார்போ பேசுகிறார்' என்று விளம்பரம் செய்த படம் பெரும் வெற்றி, அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

இப்போது கில்பர்ட். அதே எம்ஜிஎம், அதற்கு முந்தைய வருஷம். 'ஹிஸ் குளோரியஸ் நைட்' படத்தில் அவரை ஒரு இளவரசியிடம் 'ஐ லவ் யூ, ஐ லவ் யூ' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். மௌனப் படத்தில் அந்தக் காதலைக் கண்ணாலேயே சொல்லி மயக்கிய மனிதர் அவர். அதையே வாயால் சொன்னபோது கொட்டகையில் சிரிப்பு. சிரித்தது வசனத்துக்கு, பழி விழுந்தது குரல்மேல். எனக்கு இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

1933ல் 'குயின் கிறிஸ்டினா' படத்துக்கு ஜோடியாகக் கில்பர்ட்தான் வேண்டும் என்று கார்போவே பிடிவாதமாக நின்றார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது, அவர் பேசுவதும் தெளிவாகக் கேட்கிறது. எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் அதில் எந்த இடத்தில் கீச்சுக்குரல் இருக்கிறது என்று இந்தச் சபைக்குச் சொல்லட்டும்.