வெயிலும் எதிரொலியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருமங்கலத்தை அடுத்த சிற்றூரில் தமிழ்வழியில் படித்து, கணிதத்தில் இளங்கலையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கணினிப் பயன்பாட்டியலில் முதுகலையும் முடித்து, ரோபோக்கள் தாமே வழி கண்டு நகர்வது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவன் நான். இப்போது கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். கணினியே இல்லாத பள்ளியில் படித்தவர் ரோபோவுக்கு எப்படி வந்தீர்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கணக்கு வழியாகத்தான் வந்தேன்.

1968-இல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ரஃபேல் ஆகிய மூவரும், ஷேக்கி என்னும் ரோபோவை உருவாக்கிய ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து, 'ஏ ஸ்டார்' என்ற வழிதேடல் முறையை வெளியிட்டனர். வகுப்பில் இதை விளக்க நம் ஊரையே எடுத்துக்கொள்வேன். வெளி வீதியிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சந்துகள் வழியே செல்பவர், ஒவ்வொரு திருப்பத்திலும், அதுவரை நடந்த தூரத்தோடு அங்கிருந்து கோபுரம் வரையுள்ள நேர்கோட்டுத் தூரத்தையும் கூட்டி, தொகை எங்கே குறைவோ அந்தச் சந்தினை முதலில் ஆராய்வதாகக் கொள்ளுங்கள். நேர்கோட்டுத் தூரம் நடைதூரத்தை ஒருபோதும் மிஞ்சாது என்பதால், இப்படிக் கண்ட வழியைவிடக் குறுகிய வழி இருக்க முடியாது. இந்த நிரூபணத்தின் அழகே என்னை ஆய்வுக்கு இழுத்தது.

ஆனால் ரோபோ தான் நிற்கும் இடத்தை அறிந்தால்தான் அந்தக் கணக்கு உதவும். இதை எனக்குப் புரியவைத்தது சித்திரை வெயில். மீயொலி உணரி, நம் காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று நிரலில் எழுதியிருந்தோம். அது 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. தகரக் கூரையிட்ட எங்கள் கூடத்தில் வெப்பம் 40 டிகிரியை எட்டிய ஒரு பிற்பகலில், சரியாக 3 மீட்டர் தள்ளியிருந்த சுவரை ரோபோ 2.90 மீட்டர் என்றே திரும்பத் திரும்பக் காட்டியது. பழுதென்று எண்ணி இரண்டு உணரிகளை மாற்றினோம். கடைசியில் இரண்டாமாண்டு மாணவி ஒருவர், "சார், காலையில சரியாத்தானே காட்டுச்சு?" என்றார். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். 40 டிகிரியில் அது 355 மீட்டர். எதிரொலி விரைவாகத் திரும்பியதால், சுவர் பத்து சென்டிமீட்டர் நெருங்கிவிட்டதாக ரோபோ கணக்கிட்டிருந்தது. ஒரு வெப்ப உணரியும் ஒரு வரி நிரலும் சேர்த்தவுடன் பிழை நீங்கியது. நிரல் எழுதுமுன் அளவு நாடாவால் தாமே அளந்து, அன்றைய வெப்பத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று அதன்பின் எல்லா மாணவர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

இப்போது மல்லிகைத் தோட்டத்தில், பாத்திகளுக்கு இடையே பூக்கூடையைச் சுமந்து செல்லும் சிறு வண்டியொன்றைச் சோதித்து வருகிறோம். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணித் தூரத்தை அறியும் முறை, தண்ணீர் பாய்ச்சிய மண்ணில் சக்கரம் வழுக்கும்போது பொய்த்துவிடுகிறது. அந்த வழுக்கலையும் கணக்குக்குள் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறோம்.

வணக்கம்.