ஓநாய்கள் ஜெயித்த மறுநாள்

வணக்கம் நேயர்களே. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று சொல்வார்கள் இல்லையா, ஓநாய் அழுதால்கூட நாம் நம்புவதில்லை. நிஜமாகவே அழுதிருந்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது, அங்கே பிடித்ததுதான் நான் எழுதிக்கொண்டிருக்கும் மாயாஜாலக் கதை. ஓநாய்த் தலையும் மனித உடம்புமாக ஒரு இனம், அவர்களைக் கரும்புக் காட்டில் போட்டு வேலை வாங்கும் 'நாகரிக' இனங்கள் மூன்று, கடைசியில் ஒரு ராத்திரி கலகம், கோட்டை எரிகிறது, சுபம்.

இதை என் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் நாலு ஏக்கர் கரும்பு போட்டிருக்கிறவர். முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா, மறுநாள் வெட்டுக்கு யார் வருவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தேடிப் போனதில், அடிமைகளே கலகம் செய்து ஜெயித்த கரீபியன் நாடான ஹைட்டியில் மாட்டிக்கொண்டேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது பிரான்சின் காலனி, அடிமைகள் ஏறக்குறைய 5 லட்சம் பேர், வெள்ளைக்காரர்கள் சுமார் 30 ஆயிரம்தான், தொழில் முக்கியமாகக் கரும்பும் காப்பியும். பிரெஞ்சு ராஜா 14ஆம் லூயி 1685இல் போட்ட சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு மாதம் ஓடிப்போனவனுக்குக் காதை அறுத்துத் தோளில் லில்லிப் பூ முத்திரையைப் பழுக்கக் காய்ச்சி வைக்க வேண்டும், இரண்டாம் தடவை முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நரம்பை வெட்ட வேண்டும், மூன்றாம் தடவை உயிர். கரீபியன் கரும்பாலைகளில் உருளைக்குப் பக்கத்தில் ஒரு கோடரி வைத்திருப்பார்களாம், தூக்கக் கலக்கத்தில் கரும்பைத் தள்ளுகிறவன் கை உள்ளே போய்விட்டால் ஆள் முழுசாகப் போவதற்குள் கையை வெட்டிவிடுவதற்கு. நான் என் ஓநாய்களுக்குக் கழுத்தில் வெள்ளிப் பட்டை மாட்டிவிட்டுப் பெரிய கொடுமை எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1791 ஆகஸ்டில் ஓர் இரவு அங்கே வடக்குச் சமவெளியில் கரும்புத் தோட்டங்கள் பற்றி எரிந்தன. அப்புறம் பன்னிரண்டு வருஷச் சண்டை. அதன் கடைசி வருஷம் பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போ, கலகக்காரர்களைக் கடிக்கவிட கியூபாவிலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்தார். நாய் யார், ஓநாய் வம்சம்தானே! அந்த இடத்தைப் படித்ததும் என் கதையில் எஜமானர்கள் பக்கம் நிற்கும் நாய் இனம் ஒன்றைச் சேர்த்துவிட்டேன்.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். டூசான் லூவெர்த்யூர், தானே அடிமையாகப் பிறந்தவர், படை திரட்டி ஜெயித்தவர், 1800இல் ஓர் ஆணை போட்டார். விடுதலையான எல்லோரும் அவரவர் பழைய தோட்டத்துக்கே திரும்ப வேண்டும், சொல்லாமல் வெளியே போகக் கூடாது, மேற்பார்வைக்கு ராணுவம். சவுக்கு கிடையாது, விளைச்சலில் நாலில் ஒரு பங்கு கூலி உண்டு, ஆனால் வயல் அதே வயல். அவரை வில்லன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சர்க்கரையும் காப்பியும் விற்றால்தான் துப்பாக்கி வாங்கலாம், துப்பாக்கி இல்லாவிட்டால் பழைய எஜமானர்கள் திரும்பி வருவார்கள். வந்தார்கள், அவரைப் பிடித்துக்கொண்டும் போனார்கள், 1803இல் பிரான்ஸ் சிறையில் செத்துப்போனார். 1804 ஜனவரி 1 சுதந்திரம். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களோடு வந்து, உங்களை அங்கீகரிக்கிறோம், எங்கள் தோட்ட முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாக 150 மில்லியன் பிராங்க் எடுங்கள் என்றது. ஜெயித்தவன் தோற்றவனுக்குக் கட்டிய பணம்! கற்பனைக் கதையில் எழுதினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஹைட்டித் தலைநகரில் ஒரு சிலை இருக்கிறது, ஓடிப்போன அடிமை ஒருவன் அறுந்த சங்கிலியோடு மண்டியிட்டுச் சங்கு ஊதுகிறான். அந்தச் சங்கை என் கதைக்கு எடுத்துக்கொண்டேன். கலகத்துக்குக் கூப்பிட்ட அதே சங்கை ஓநாய்த் தளபதி மறுநாள் விடிகாலை ஊதுகிறான், வெட்டுக்கு வரச் சொல்லி. எல்லோரும் அரிவாளை எடுக்கிறார்கள், ஒரு கிழ ஓநாய் மட்டும் மலையைப் பார்த்தபடி நிற்கிறது. அங்கேதான் கதை நிற்கிறது.

சித்தப்பாவிடம் சொன்னேன். "அது மலைக்குப் போகட்டும் விடு," என்றார். "ஆனா வெட்டு தள்ளிப்போனா கரும்பு எடை குறையும், அதையும் எழுது."

வணக்கம்.