சேர்வு இடாப்பும் எங்கள் சேரும்

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றி, 2019 ஆம் ஆண்டில் தமது 91 ஆவது வயதில் காலமான ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமது பெயர் மேடைகளில் சொல்லப்படுவதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை; ஆகவே, நாங்கள் அவரை அழைத்தபடியே 'சேர்' என்று மட்டும் சொல்லுகிறேன். மூதூரிலும் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு சேரோ ரீச்சரோ இருந்திருப்பார். அவரை மனத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

ஆசிரியர்களைப் பாராட்டும் கூட்டங்களில், அவர்களிடம் படித்தவர்களுள் எத்தனை பேர் டாக்குத்தர், எத்தனை பேர் எஞ்சினியர் என்று கணக்குச் சொல்லுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தக் கணக்கு எனக்கு உடன்பாடானதன்று. கடலுக்குப் போகிறவரும், வயல் செய்கிறவரும், ஐந்தாம் வகுப்போடு நின்று தம்பி தங்கைகளைப் பார்த்த பெண்பிள்ளையும் அதில் வருவதில்லை. அவர்கள் எல்லோருடைய பெயரும் இருக்கும் புத்தகம் ஒன்று ஒவ்வொரு பாடசாலையிலும் உண்டு. அதுதான் சேர்வு இடாப்பு. பிள்ளை முதல் நாள் வந்ததும், சேர்விலக்கம், முழுப்பெயர், பிறந்த திகதி, தகப்பனார் பெயர், விலாசம், சேர்ந்த திகதி என்று ஒரே வரியில் எழுதி வைப்பார்களே, அந்தத் தடித்த புத்தகம். சேரின் ஆசிரிய வாழ்வை அந்த இடாப்பின் வழியாகத்தான் என்னால் சொல்ல முடியும்.

அதில் அவர் ஏன் அவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்கு அவருடைய சிறு பராயத்தில் ஒரு காரணம் உண்டு. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் திருமலைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. அப்பொழுது சேருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. ஊரில் பெரும்பகுதியினர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். சேரின் குடும்பமும் வெளியேறியது. பல மாதங்கள் கழித்துத் திரும்பிவந்து பாடசாலைக்குப் போனபோது, அவர் எந்த வகுப்பில் இருந்தார் என்பதற்கு அங்கே ஒரு பதிவும் இருக்கவில்லை. தகப்பனார் அயலவர் இருவரைச் சாட்சிக்கு அழைத்துச் சென்றும் பயனில்லாமல், படித்த வகுப்பையே மீண்டும் படித்தார். "நான் படித்தேன் என்று எனக்குத் தெரியும், தம்பி. கடதாசிக்குத் தெரியவில்லை" என்று எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

1950 இல் அவர் ஆசிரியரானார். முதல் ஒன்பது ஆண்டுகள் கிண்ணியாப் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலை. அதைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறேன். பிறகு பட்டினத்துக்கு மாற்றலாகி எங்கள் பாடசாலைக்கு வந்தார். 1960 இன் இறுதியில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது நிருவாகம் மாறியது. சேர் மாறவில்லை, அவருடைய மேசையும் மாறவில்லை. காலையில் முதலில் வருகிறவரும் மாலையில் அலுமாரியைப் பூட்டிவிட்டுப் போகிறவரும் அவரே.

இனி நான் சொல்லப்போவதை என் பிள்ளைகள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நீங்களும் கேட்க வேண்டும்.

1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளியை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எனக்கு அப்பொழுது பதினொரு வயது. பாடசாலைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில்தான் எங்கள் வீடு இருந்தது. காற்று அடங்கிய பின்னர், விழுந்து கிடந்த முருங்கைகளைத் தாண்டி நான் வேடிக்கை பார்க்கப் போனேன். அதிபரின் அறைக்கு மேலே ஓடுகள் இல்லை. உள்ளே சேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அலுமாரியிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக் கூரையும் பாதி போயிருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். என்னைக் கண்டதும், "தம்பி, ஓடிப்போய் அம்மாவிடம் ஸ்திரிக்கைப்பெட்டியை வாங்கிக்கொண்டு வா, சிரட்டைக்கரியும் கொண்டு வா" என்றார்.

ஈரமான இடாப்பை வெயிலில் விரித்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிடும். பிறகு பிரித்தால் கிழியும். ஆகையால் ஒவ்வொரு தாளாக விரலால் மெதுவாகப் பிரித்து, மேலும் கீழும் மையொற்றுத்தாள் வைத்து, அதன்மேல் இளஞ்சூட்டில் பெட்டியை நகர்த்த வேண்டும். "அழுத்தாதே, மேலால் தடவு" என்று சேர் சொல்லிக்கொண்டேயிருந்தார். மையொற்றுத்தாள் தீர்ந்ததும் பழைய பத்திரிகைத் தாள், அதுவும் தீர்ந்ததும் அவருடைய வேட்டி. மூன்று நாட்கள் இந்த வேலை நடந்தது. வரவு இடாப்புகளில் நீல மையால் எழுதியவை எல்லாம் கரைந்து, பக்கம் முழுவதும் வெளிர்நீலமாகப் போய்விட்டிருந்தன. சேர்வு இடாப்பில் மட்டும் ஓர் எழுத்தும் அழியவில்லை. அது நீலக்கறுப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. அந்த மையில் இரும்பு உண்டு. காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளின் நாரோடு பற்றிக்கொள்ளும், பிறகு தண்ணீரால் அதைக் கழுவ முடியாது. சேர் இதை விளக்கிவிட்டு, ஒரு பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, "இது யார்?" என்று கேட்டார். அந்த வரியில் என் பெயர் இருந்தது. சேர்விலக்கம் 417. அதை நான் வாழ்நாளில் மறந்ததில்லை. நான் ஆசிரியராகிய பின்னர் நீலக்கறுப்பு மை தவிர வேறெதையும் இடாப்பில் தொட்டதுமில்லை.

அந்தச் சூறாவளிக்குப் பிறகுதான் சேர் இன்னொரு பழக்கத்தைத் தொடங்கினார். ஒவ்வோர் ஆண்டும் சேர்வு இடாப்பின் வரிகளைத் தம் கையால் சீ.ஆர். கொப்பி என்னும் தடித்த குறிப்புப் புத்தகத்தில் பிரதி செய்து, பொலித்தீனில் சுற்றி, வீட்டில் நெல்லுப் பெட்டிக்குள் வைத்தார். 1988 இல் ஓய்வுபெறும்வரை இதை விடவில்லை. அக்காலத்தில் பலர் இதை வீண் வேலை என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது வீண் வேலை அன்று என்பதை யுத்தம் காட்டியது. அடையாள அட்டை இல்லாமல் வீதியில் இறங்க முடியாத ஆண்டுகளை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இடம்பெயர்ந்து ஓடியவரிடம் அது இராது. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் போனால், பாடசாலை விடுகைப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்பார்கள். எந்த ஆண்டு, எந்த இலக்கம் என்று தெரியாமல் பழைய இடாப்புகளில் ஒரு பெயரைத் தேடுவது எவ்வளவு கடினம்! சேரின் கொப்பிகளுக்குச் சட்டப்படி ஒரு பெறுமதியும் இல்லை. ஆனால் அவற்றைப் பார்த்து அவர் ஒரு துண்டில் ஆண்டையும் சேர்விலக்கத்தையும் எழுதிக் கொடுத்தால், பாடசாலையில் பத்து நிமிடத்தில் அந்த வரியைக் கண்டெடுத்துவிடலாம். 1990 இற்குப் பின்னரும், 2004 கடற்கோளுக்குப் பின்னரும், 2006 இல் மூதூர்ப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், அவருடைய விறாந்தையில் காலையிலேயே ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். பெரும்பாலும் தாய்மார். வந்தவரின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நீ இன்னாருடைய மகள் அல்லவா? உன் அண்ணன் இடக்கையால் எழுதுவான்" என்பார். அதைக் கேட்டு அந்த விறாந்தையில் அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். எல்லாம் இழந்து வந்த ஒருவருக்கு, தன்னை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்பதே அந்த நேரத்தில் பெரிய ஆறுதல்.

அவர் இலக்கணம் கற்பித்த முறை, அவருடைய மாலை வகுப்புகள், அவருக்குத் துணையாக நின்ற அம்மா ஆகியவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். நேரம் இரண்டு நிமிடமே இருப்பதால், கிண்ணியாவைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்; வாக்குக் கொடுத்துவிட்டேன் அல்லவா?

அந்த ஒன்பது ஆண்டுகளும் அவர் பாதையில் கடந்துதான் பாடசாலைக்குப் போனார். பாதை என்றால் நம்முடைய பகுதியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை என்று சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் அதில் நின்றுகொண்டு போவது எப்படி என்பதும் உங்களுக்குத் தெரியும். 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், தம்மை அங்கே அழைத்துப் போகும்படி கேட்டார். வயது எண்பத்தொன்று. பாலத்தைக் கடந்ததும் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, பழைய துறையடி இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருகிலிருந்த தேநீர்க் கடையிலிருந்து, தொப்பி அணிந்த, தாடி நரைத்த ஒருவர் வெளியே வந்து, இவரை உற்றுப் பார்த்தார். பெயர் சொல்லவில்லை, ஸலாம் சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, "சேர், நான் அறுபத்து மூன்று" என்றார்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அவருடைய பெயரையும் வாப்பாவின் பெயரையும் சொன்னார். பிறகு மூவரும் அந்தக் கடை வாங்கில் இருந்து தேநீர் குடித்தோம். காசு வாங்க அவர் மறுத்துவிட்டார். வணக்கம்.